பந்தியில் ஒரு வெறுந்தட்டு

வேதபகுதி: ரோமர் 14-ஆம் அதிகாரம், 2 சாமுவேல் 9-ஆம் அதிகாரம்



அட்வெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. கீத பவனிக்கு வாலிபர்கள் மாலைதோறும் பாடிப் பழகுகிறார்கள். வீடுகளில் குல்குல் உருட்டும் வேலையும் அச்சு முறுக்குப் பொரிக்கும் வேலையும் நடக்கின்றன. பண்டிகை ஆராதனைக்குப் பின் நடக்கும் அன்பின் விருந்துக்கு யார் அரிசி, யார் விறகு, யார் சமையல் என்று மூப்பர்கள் பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த வாரத் தியானத்தில் பெத்லகேம் மேய்ப்பர்களைப் பற்றி எழுதவே எண்ணியிருந்தேன். ஆனால் சென்ற ஆண்டு விருந்தில் நான் செய்த ஒரு தவற்றை அறிக்கையிடாமல் இந்த ஆண்டின் விருந்துக்கு உங்களை அழைக்க என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. சம்பந்தப்பட்ட தாயின் அனுமதி பெற்று, பெயர் சொல்லாமல் இதை எழுதுகிறேன்.

அன்று பந்தியில் நானே வாளியும் கரண்டியும் எடுத்துப் பரிமாறினேன். போதகர் பரிமாற வேண்டும் என்பது எனக்கு ஒரு பிரியம். பிரியாணிக்குப் பின் கத்திரிக்காய்த் தொக்கு எடுத்து வந்தேன். குப்பத்திலிருந்து வரும் ஒரு குடும்பம். தகப்பன் கடலுக்குப் போகிறவர். மகனுக்குப் பத்து வயது இருக்கும். நான் கரண்டியை நீட்டியபோது அந்தத் தாய் மகனுடைய இலையின்மேல் கையை வைத்து மறைத்தார்.

“ஐயா, இவனுக்கு இறால் ஆகாது.”

“இது கத்திரிக்காய்தானம்மா.”

“கூனி ஏதும் போட்டிருக்காங்களா ஐயா?”

நான் சமையல்காரரிடம் கேட்டிருக்க வேண்டும். பத்தடி தூரத்தில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. வரிசையில் இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள். “ஸ்தோத்திரம் பண்ணிச் சாப்பிடட்டும் அம்மா, ஒன்றும் ஆகாது” என்று சொல்லி, அவர் கை விலகியதும் பரிமாறிவிட்டு நகர்ந்தேன். போதகர் சொன்ன பிறகு அவர் எப்படி மறுப்பார்? ஐயா வைத்ததை அந்தப் பிள்ளை எப்படி உண்ணாமல் விடுவான்?

தொக்கில் சென்னாக்கூனி அரைத்துச் சேர்த்திருந்தார்கள். நம் கரையோரத்தில் கத்திரிக்காய்க்கும் கீரைக்கும் கூனி சேர்ப்பது ருசிக்காக. அதில் யார்மேலும் குற்றமில்லை. கால்மணி நேரத்திற்குள் பிள்ளையின் உதடு தடித்தது, உடம்பெல்லாம் தடிப்பு, பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியது. 108-ஐ அழைத்தோம். மருத்துவமனையில் ஊசி போட்டு, இரவு முழுவதும் பார்வையில் வைத்திருந்தார்கள். கர்த்தருடைய கிருபையால் பிழைத்தான்.

அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் எனக்கு இலகுவாயிருந்திருக்கும். சென்ற வாரம் விருந்துக்கான பெயர்ப்பட்டியல் எழுதியபோது, “நாங்க ஆராதனை முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிடுறோம் அம்மா” என்று மட்டும் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். பிரியமானவர்களே, ஒரு குடும்பம் நம் பந்தியிலிருந்து எழுந்து போய்விட்டது. எழுப்பி அனுப்பியவன் நான்.

நான் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி முதலில் பேச வேண்டும். “ஜெபித்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது” என்பது விசுவாசமா? தேவாலயத்தின் உப்பரிகையிலிருந்து கீழே குதிக்கும்படி நம் ஆண்டவரைச் சோதித்தவன் வேதவசனத்தையே காட்டித்தான் சோதித்தான். தூதர்கள் தாங்குவார்கள் என்பது பொய்யான வாக்குறுதி அல்ல. ஆனாலும் ஆண்டவர் குதிக்கவில்லை. பிதாவைப் பரீட்சை பார்க்க மறுத்தார். விசுவாசம் ஆபத்தின் நடுவே கர்த்தரைப் பற்றிக்கொள்ளும். ஆபத்தை வலியத் தேடிப்போய் அவரைச் சோதிக்காது. அன்று நான் செய்ததோ அதைவிடவும் மோசம். நான் குதிக்கவில்லை, வேறொருவருடைய பிள்ளையைக் குதிக்கச் சொன்னேன்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைக் கவனியுங்கள். அந்த இளம் ஊழியருக்கு வயிற்றுக் கோளாறு இருந்தது, அடிக்கடி பலவீனப்பட்டார். பவுலின் கைப்பட்ட உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டபோது வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். அப்படிப்பட்ட பவுல், தன் பிரியமான குமாரனிடம் “விசுவாசம் போதவில்லை” என்று சொல்லவில்லை. குடிப்பதை மாற்றிக்கொள்ளும்படி ஒரு தகப்பனைப்போல் எழுதினார். வயிற்றின் பலவீனத்தை ஆவியின் பலவீனமாக எண்ணாத ஓர் அப்போஸ்தலர் நமக்கு இருந்தார் என்பதற்காக ஸ்தோத்திரம்.

இனி, உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று அறிந்துகொள்வோம். அறியாமையினால் அன்பும் தீங்கு செய்கிறது.

“எனக்கு ஒத்துக்கொள்ளாது” என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் வெவ்வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. உடலைக் காக்கும் எதிர்ப்பு ஆற்றல், உணவிலுள்ள ஒரு புரதத்தைப் பகைவனென்று தவறாக எண்ணிப் போருக்கு எழுவது அது. இறால், நண்டு, கூனி ஆகியவற்றில் டிரோபோமயோசின் என்ற புரதம் உண்டு. கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அதன் தன்மை போவதில்லை. ஆகவே “நன்றாக வெந்துவிட்டது” என்பது பாதுகாப்பல்ல. மிகச் சிறிய அளவும் போதும். இறால் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கைப் பொரித்தாலும் போதும். மூச்சுத் திணறல் கண்டால் காத்திருக்கக் கூடாது. தாமதிக்காமல் கொடுக்கப்படும் அட்ரினலின் ஊசியே உயிர் காக்கும் மருந்து.

இரண்டாவது, செரிக்க இயலாமை. பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை உண்டு. அதை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி குழந்தைப் பருவத்தில் நிறைய இருக்கும். பால்குடி மறந்தபின் பெரும்பாலானோருக்குக் குறைந்துவிடும். உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இப்படிப்பட்டவர்களே. நம் நாட்டில் வடக்கைவிடத் தெற்கே இது அதிகம். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. வயிறு உப்புகிறது, வலிக்கிறது, போகிறது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பால் பாயசம் குடித்துவிட்டு மாலை ஆராதனையில் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது சிறிய வேதனையும் அல்ல. அப்படிப்பட்டவர்கள் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். ஏனெனில் பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை முன்னமே உடைத்துவிடுகின்றன. விருந்தின் முடிவில் மோர் ஊற்றிய நம் பாட்டிமார்களுக்கு நொதியின் பெயர் தெரியாது. வயிற்றின் வழி தெரிந்திருந்தது.

மூன்றாவது, சீலியாக் என்னும் நோய். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலுக்குள் போகும்போது, அந்த மனிதருடைய எதிர்ப்பு ஆற்றல் தன் குடலையே தாக்குகிறது. இதற்கு மருந்து இல்லை. குளூட்டனை அடியோடு விலக்குவதே வழி. அரிசியுண்ணும் நமக்கு இது இலகு என்று தோன்றும். சோறு, இட்லி, கேழ்வரகுக் கூழ் எல்லாம் நலமே. ஆனால் சேமியாப் பாயசம் கோதுமை. ரவைக் கேசரி கோதுமை. பிரெட் அல்வா கோதுமை. குல்குல்லும் கேக்கும் மைதா. இவற்றையாவது கண்ணால் கண்டு விலக்கலாம். சாம்பாரிலும் ரசத்திலும் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்ப்பது வழக்கம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? டப்பாவின் பின்பக்கத்தை வாசித்துப் பாருங்கள்.

மீனைக் குறித்தும் ஒரு வார்த்தை. “சூரை மீன் தின்றால் முகம் சிவந்து அரிக்கிறது” என்பவர்கள் எல்லாருக்கும் மீன் அலர்ஜி இருப்பதில்லை. சூரை, கானாங்கத்தை போன்ற மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகுகிறது. சமைத்தாலும் அது அழியாது. அது மீனின் குற்றமல்ல, வெயிலின் குற்றம். ஆகவே காரணத்தை நாமே தீர்மானித்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் ஒன்றை விலக்குவதும் சரியன்று. துணிந்து உண்பதும் சரியன்று. மருத்துவரிடம் காட்டுங்கள்.

“ஐயா, அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது?” என்று மூத்தவர்கள் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நெதர்லாந்து தேசத்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். காரணம் தெரியாமல் மெலிந்து வாடிய சீலியாக் குழந்தைகளைக் கவனித்து, கோதுமைதான் காரணமோ என்று அவர் 1930-களிலேயே ஐயுற்றார். 1944-45-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், உலகப்போரின் முடிவில், அந்தத் தேசத்தில் கொடிய பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை, ஜனங்கள் பட்டினியால் மாண்டார்கள். அந்தக் குழந்தைகளோ தேறினார்கள். போர் முடிந்து ரொட்டி திரும்பி வந்தபோது அவர்களுடைய நோயும் திரும்பி வந்தது. 1950-இல் தம் ஆய்வேட்டில் டிக்கே இதை விளக்கினார். ஒரு தேசமே முழங்கால்படியிட்டு எந்த ரொட்டிக்காக ஜெபித்ததோ, அதே ரொட்டி சில பிள்ளைகளுக்கு நோயாயிருந்தது. அந்தக் காலத்தில் இந்த நோய் இல்லாமல் இல்லை. அதற்குப் பெயர்தான் இல்லை. நம் ஊர்களிலும் “இந்தப் பிள்ளைக்குச் சோறு ஒட்டவில்லை”, “மாந்தம்”, “கண்ணேறு” என்று சொல்லப்பட்ட பிள்ளைகளில் யாருக்கு என்ன இருந்ததென்று யார் கண்டது?

ஆனாலும் ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பந்தியில் ஒருவர் தட்டை மறைத்தால் நம் மூத்தவர்களுக்கு மனம் புண்படுகிறது. அது வெறும் பிடிவாதம் அன்று. அதற்குப் பின்னால் ஒரு பரிசுத்தமான போராட்டம் இருக்கிறது.

தமிழ்ச் சபைகளில் யாரோடு யார் உண்பது என்பது உயிர்போகும் கேள்வியாயிருந்த காலம் உண்டு. 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டைத் தாமதமின்றி விட்டுவிட வேண்டுமென்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சைப் பகுதியில் திரளானோர் அதை ஏற்காமல் பிரிந்து போனார்கள். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிகள், எந்தச் சாதியில் பிறந்த கிறிஸ்தவரோடும் உட்கார்ந்து உண்ண ஒருவர் ஆயத்தமாயிருப்பதையே அவர் சாதியை விட்டதற்கு அடையாளமாகக் கொண்டார்கள். ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து உண்பது நம் முன்னோர்களுக்கு வெறும் விருந்தல்ல, ஒரு சாட்சி. தட்டை மறுத்தவன் ஆளை மறுத்தான். அந்த நினைவு நம் எலும்புக்குள் இருக்கிறது. ஆகவேதான் “எனக்கு வேண்டாம்” என்ற சொல் இன்றும் நம் காதில் சுருக்கென்று தைக்கிறது.

அன்பின் விருந்தை அன்பின் விருந்தாகவே காக்க வேண்டுமென்று நினைக்கிற மூத்தவர்களே, உங்கள் வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். சமைத்த கையைப் பார்த்து மறுக்கிறவர்கள் இன்றும் எங்கேனும் இருந்தால், அதை எதிர்ப்பதில் நான் உங்களோடு நிற்பேன். ஆனால் சமைத்த கையைப் பார்த்து மறுப்பது வேறு. சமைத்த பொருளைக் கேட்டு மறுப்பது வேறு. முதலாவது சகோதரனைத் தள்ளுகிறது. இரண்டாவது, “உன்னோடு உட்கார வேண்டும், அதற்கு எனக்கு வழி செய்” என்று கேட்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணி நாம் முகம் சுளித்தால், ஒருவரையும் வெளியே நிறுத்தக் கூடாதென்று தொடங்கிய அதே பந்தியிலிருந்து ஒருவரை வெளியே நிறுத்துகிறோம். ஒருமைப்பாடு என்பது எல்லாரும் ஒரே பதார்த்தத்தை விழுங்குவது அன்று; எல்லாரும் ஒரே பந்தியில் நிம்மதியாய் அமர்வது.

ரோமாபுரிச் சபையில் இறைச்சி உண்கிறவர்களும் மரக்கறி மட்டும் உண்கிறவர்களும் இருந்தார்கள். அது மனச்சாட்சியைப் பற்றிய காரியம். வயிற்று நோயைப் பற்றியதல்ல என்பதை நான் அறிவேன். ஆனாலும் பவுல் அங்கே போடுகிற கட்டளை இருபுறமும் வெட்டுகிறது: உண்கிறவன் உண்ணாதவனை அற்பமாய் எண்ணக்கூடாது, உண்ணாதவன் உண்கிறவனைக் குற்றப்படுத்தக்கூடாது. போஜனத்தினிமித்தம் ஒரு சகோதரனைக் கெடுப்பதை அவர் அவ்வளவு பெரிய பாவமாகக் கண்டார். மனச்சாட்சிக்கே இவ்வளவு இடம் கொடுக்க வேண்டுமானால், மூச்சுக்கு எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும்!

நம் ஊரைப் பாருங்கள். கிழக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். அதைக் காட்டி, “இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, ஸ்தோத்திரம் பண்ணிக் குடி” என்று தாகமாயிருக்கிற ஒருவனிடம் நாம் சொல்வதில்லை. உப்பை மனித உடல் தாங்காது என்று தெரியும். ஆகவே இதே நெம்மேலியில் 2013-ஆம் ஆண்டு, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. 2024-இல் பதினைந்து கோடி லிட்டருக்கு இன்னொரு ஆலையும் சேர்ந்தது. கடல்நீரைப் பெரும் அழுத்தத்தோடு மெல்லிய சவ்வின் வழியே செலுத்தி, உப்பை இப்பால் நிறுத்தி, நீரை அப்பால் அனுப்புகிறார்கள். சென்னைக்காரரின் தாகத்துக்காக இவ்வளவு பாடு! குடிக்க இயலாதவனைக் குற்றம் சொல்லாமல், குடிக்கத்தக்கதாய்த் தண்ணீரை மாற்றினார்கள். ஒரு பெருநகரத்துக்காகக் கடலையே மாற்றுகிற ஊரில், ஒரு பிள்ளைக்காகக் கத்திரிக்காய்த் தொக்கை மாற்ற நமக்கு முடியாதா?

தாவீது ராஜா மேவிபோசேத்தைத் தன் பந்திக்கு அழைத்ததைத் தியானியுங்கள். அவன் இரண்டு கால்களும் முடமானவன். லோதேபாரில் இருந்த அவனை ராஜா ஆள் அனுப்பி அழைப்பித்தான். “கால் சரியானபின் வா” என்று சொல்லவில்லை. வாசலோரத்தில் தனிப் பலகை போட்டு அவனுக்குத் தனியாகச் சாப்பாடு அனுப்பவுமில்லை. ராஜகுமாரரில் ஒருவனைப்போல அவன் நித்தம் அந்தப் பந்தியில் அசனம்பண்ணினான். அந்த அதிகாரம் முடியும்போதும் அவன் கால்கள் முடமாகவே இருக்கின்றன. பந்தியில் அமரும்போதோ அந்தக் கால்கள் மறைந்துபோகின்றன, முகங்கள்தாம் தெரிகின்றன. நம் விருந்தும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் வாஞ்சை.

ஆகவே சில காரியங்களை உங்கள்முன் வைக்கிறேன்.

சமைக்கிறவர்களுக்கு: இந்த ஆண்டு முதற்பந்தி தொடங்கி எல்லாருக்கும் பொதுவாக வெள்ளைச் சோறு, பருப்பு, ஒரு பொரியல் இருக்கட்டும். அவற்றில் பாலும் நெய்யும் வேண்டாம், மைதா கலந்த பெருங்காயம் வேண்டாம், கூனி வேண்டாம், நிலக்கடலை, முந்திரி வேண்டாம். கடலை எண்ணெயும் வேண்டாம். செக்கில் ஆட்டிய எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். இவற்றை நோயாளிகளுக்கான தனித்தட்டாக்கி மூலையில் வைக்காதீர்கள். எல்லா இலையிலும் முதலில் பரிமாறுங்கள்; போதகரும் மூப்பரும் அதையே முதலில் உண்போம். பிரியாணியும் இறால் தொக்கும் அதன்பின் வரட்டும். வேண்டியவர்கள் மகிழ்ச்சியோடு உண்ணட்டும். இறால் பொரித்த சட்டியிலும் எண்ணெயிலும் வேறொன்றும் செய்யாதீர்கள். ஒரு வாளியின் கரண்டி இன்னொரு வாளிக்குப் போகக் கூடாது.

பரிமாறுகிறவர்களுக்கு: ஒவ்வொரு பாத்திரத்தின்முன்னும் அதில் என்ன இருக்கிறது என்று ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். கடையில் விற்கும் பொட்டலங்களில் பால், முட்டை, மீன், இறால் வகை, நிலக்கடலை, கொட்டைப் பருப்புகள், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள் இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டுமென்று நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அறிமுகமில்லாத ஒருவருக்குப் பொருள் விற்கிற வியாபாரிக்கு அந்தக் கடமை உண்டென்றால், உடன்பிறந்தவர்களுக்குப் பரிமாறுகிற நமக்கு அது எம்மாத்திரம்! யாராவது “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டால், தெரியாவிட்டால் “தெரியாது, கேட்டு வருகிறேன்” என்று சொல்லுங்கள். அன்று என் வாயிலிருந்து வராமற்போன அந்த மூன்று வார்த்தைகள் ஒரு பிள்ளையின் உயிரின் விலை.

வீடுகளில் விருந்து செய்கிறவர்களுக்கு: “கொஞ்சம் சாப்பிட்டால் என்ன?”, “எனக்காக ஒரு வாய்” என்று கட்டாயப்படுத்துவது நம் உபசாரத்தின் அழகு; அதுவே அதன் ஆபத்தும். உபசரிப்பின் அளவு விருந்தாளியின் வயிற்றில் இல்லை. அயல்வீட்டு இந்து, இஸ்லாமிய நண்பர்களுக்குப் பலகாரத் தட்டு அனுப்பும்போதும், முட்டை சேர்த்ததையும் சேர்க்காததையும் பிரித்து வைத்துச் சொல்லி அனுப்புங்கள்.

உணவு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு: வெட்கப்படாதீர்கள்; முன்கூட்டியே சொல்லுங்கள். பந்தியில் சொல்வதைவிடப் பட்டியல் எழுதும்போது சொல்வது எல்லாருக்கும் இலகு. ஐயம் இருந்தால் வீட்டில் உண்டுவிட்டு வந்து உட்காருங்கள். அல்லது உங்கள் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து நடுப்பந்தியில் உட்கார்ந்து திறங்கள். யாராவது விசித்திரமாய்ப் பார்த்தால் நான் உங்கள் பக்கத்தில் வந்து உட்காருகிறேன். அதே சமயம், பிடிக்காததை “ஒத்துக்கொள்ளாது” என்று சொல்லித் தப்பிக்கிற பழக்கம் யாருக்கேனும் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். உங்கள் சிறிய பொய்யினால், நாளைக்கு உண்மையைச் சொல்லப்போகிற ஒரு பிள்ளையை யாரும் நம்பாமற்போகலாம்.

இன்னொன்று, இதைவிட ஆழமான காரியம்: கர்த்தருடைய பந்தி. அங்கேயும் அப்பம் கோதுமையே. கத்தோலிக்கத் திருச்சபை கோதுமை அப்பமே வேண்டும் என்பதில் உறுதியாயிருக்கிறது. குளூட்டன் முற்றிலும் நீக்கிய அப்பம் செல்லாது, மிகக் குறைந்த அளவுள்ளது செல்லும் என்று வத்திக்கான் 2017-இல் மீண்டும் தெளிவுபடுத்தியது. அப்பம் உண்ண இயலாதவர்கள் இரசத்தை மட்டும் பெறவும் அங்கே வழி உண்டு. புராட்டஸ்டண்டுச் சபைகள் பலவற்றில் அரிசிமாவு அப்பமும் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. நம் சபையில் இதுவரை எவரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதால் தேவையில்லை என்று பொருளாகுமா? ஒருவர் பல மாதங்களாக நற்கருணை வேளையில் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தால் நாம் அவருடைய பக்தியைச் சந்தேகிக்கிறோம், அப்பத்தைச் சந்தேகிப்பதில்லை. கொரிந்து சபையாரைப் பவுல் கடிந்துகொண்டது, அவர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திராமல் அவரவர் உண்டதற்காக. இந்தக் கோரிக்கையைப் புத்தாண்டில் சபைக் குழுவின்முன் வைக்கப்போகிறேன். உங்கள் எண்ணங்களையும் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் கூடுதலான உழைப்பு வேண்டும் என்பதை நான் மறைக்கவில்லை. நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கிற சகோதரர்கள் விடியற்காலை மூன்று மணிக்கே அடுப்பு மூட்டுகிறார்கள். ஆனால் ஆதிச் சபையிலும் இதே கஷ்டம் வந்தது. அன்றாடப் பந்தி விசாரணையில் கிரேக்கு மொழி பேசிய விதவைகள் விட்டுப்போனார்கள். அப்போஸ்தலர்கள் “எல்லாரையும் திருப்திப்படுத்த முடியுமா?” என்று கேட்டுவிட்டுப் பிரசங்கிக்கப் போகவில்லை. பரிசுத்த ஆவி நிறைந்த ஏழு பேரைத் தெரிந்தெடுத்து அந்த வேலைக்கு ஏற்படுத்தினார்கள். பந்தியில் ஒருவர் விட்டுப்போகாதபடி பார்ப்பது ஆவி நிறைந்தவர்கள் செய்யவேண்டிய ஊழியம் என்று அன்றே தீர்மானமாயிற்று. நம் சபையிலும் இதற்கென்று இருவரை நியமிக்கும்படி மூப்பர்களைக் கேட்டிருக்கிறேன்.

நெகேமியாவின் நாளில் ஜனங்கள் பண்டிகை கொண்டாடியபோது, கொழுமையானதை உண்டு மதுரமானதைக் குடிப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தங்களுக்கென்று ஒன்றும் ஆயத்தம்பண்ணப்படாதவர்களுக்கும் பங்கு அனுப்ப வேண்டியிருந்தது. நம் பந்தியில் எல்லாம் நிறைந்திருக்கும்போதும், ஒன்றும் ஆயத்தம்பண்ணப்படாத ஒருவர் அதே வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். யவீருவின் மகளை எழுப்பிய ஆண்டவர், அற்புதத்தைக் கண்டு திகைத்து நின்ற வீட்டாரிடம் அந்தச் சிறுமிக்கு ஆகாரம் கொடுக்கச் சொன்னார். உயிர்ப்பித்தவர் உண்டாளா என்றும் பார்க்கிறவர்.

நேற்று மாலை குப்பத்துக்குப் போய் அந்தக் குடும்பத்தைச் சந்தித்தேன். மன்னிப்புக் கேட்டேன். தகப்பன் வலையைப் பிரித்துக்கொண்டே, “விடுங்க ஐயா, தெரியாம நடந்தது” என்றார். தெரியாமல் நடக்கவில்லை, கேளாமல் நடந்தது என்று சொன்னேன். இந்த ஆண்டு என்ன சமைக்கப்போகிறோம், எப்படிச் சமைக்கப்போகிறோம் என்று தாயிடம் விவரித்தேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. “பருப்பை நானே வந்து வைக்கட்டுமா ஐயா?” என்று சற்று நேரம் கழித்துக் கேட்டார். அந்தச் சட்டி அவர் கையில் இருந்தால் அவருக்குப் பயமிராது. சபையார் எல்லாரும் அன்று முதலில் உண்ணப்போவது அந்தத் தாய் வைத்த பருப்பைத்தான்.

ஜெபிப்போம்: எங்கள் பந்திகளுக்கு ஆண்டவரே, நாங்கள் கேளாமல் செய்தவற்றை எங்களுக்கு மன்னியும். உம்முடைய பந்தியிலிருந்து எங்கள் அவசரத்தினால் எழுந்து போனவர்களைத் திரும்பக் கொண்டுவாரும். சமைக்கிற கைகளுக்குப் பொறுமையையும், பரிமாறுகிற கைகளுக்குக் கவனத்தையும், உண்ண இயலாதவர்களுக்குச் சந்தோஷத்தையும் தாரும். ஒருவரும் விட்டுப்போகாதபடி எங்களைச் சேர்த்து உட்கார வையும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.

உங்கள் ஊழியன்